இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே நகர்ந்தது எவ்வளவு? எந்த முறையை எடுப்பது?

வீடியோவில் நகர்வைக் கணிக்க எந்த முறை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எத்தனை அம்பு வேண்டும்?" என்பதுதான். அம்பு என்றால், ஒரு புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று காட்டும் திசையன். விளையாட்டுக் கேள்வி போலத் தெரியும். ஆனால் பாதி முடிவு அதிலேயே வந்துவிடும். கேமரா ஆடியதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முழுப் படத்துக்கும் சேர்த்து ஒரே அம்பு போதும். மிஞ்சிப்போனால் அதோடு கொஞ்சம் சுழற்சி, கொஞ்சம் உருப்பெருக்கம். சாலையில் போகும் வண்டிகளைப் பின்தொடர சில நூறு புள்ளிகள் போதும். வீடியோவைச் சுருக்க, படத்தைப் பிரித்த ஒவ்வொரு சிறு சதுரக் கட்டத்துக்கும் ஒன்று. ஸ்லோ மோஷனுக்காக இல்லாத ஃப்ரேமைப் புதிதாக உருவாக்கும்போதுதான் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்று தேவைப்படும். 1920×1080 படத்தில் அது 20,73,600 அம்புகள். இந்தக் கடைசி வேலைக்கான கருவியை முதல் மூன்றுக்கும் எடுத்து வைத்துக்கொண்டு, ஜிபியு போதவில்லை என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

எல்லா முறைகளுக்கும் அடியில் கிடக்கும் சிக்கல் ஒன்றே. ஒரு புள்ளி இடம் மாறினாலும் அதன் பிரகாசம் மாறாது என்று வைத்துக்கொள்கிறோம். அதை எழுதிப் பார்த்தால் ஒரு பிக்சலுக்கு ஒரு சமன்பாடு கிடைக்கும்: கிடைமட்டச் சரிவு × கிடைமட்ட நகர்வு + செங்குத்துச் சரிவு × செங்குத்து நகர்வு + நேரத்தோடு வந்த பிரகாச மாற்றம் = 0. (சரிவு என்பது, பக்கத்துப் பிக்சலுக்குப் போகும்போது பிரகாசம் மாறும் அளவு.) தெரியாத எண்கள் இரண்டு, கையில் இருக்கும் சமன்பாடு ஒன்று. தீர்க்க முடியாது. ஆக, ஒவ்வொரு முறையும் குறைகிற அந்தத் தகவலை எங்கிருந்தோ கொண்டுவந்தாக வேண்டும். அக்கம்பக்கத்துப் பிக்சல்களிடமிருந்து கொண்டுவரலாம், முழுப் படத்திடமிருந்து கொண்டுவரலாம், ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான வீடியோக்களிடமிருந்தும் கொண்டுவரலாம். எங்கிருந்து கொண்டுவருகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த முறை எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இவை எல்லாமே அளப்பது பொருளின் நகர்வை அல்ல, பிரகாசத்தின் நகர்வை. எந்தக் குறியும் இல்லாத வழவழப்பான உருண்டை ஒன்று நின்ற இடத்தில் சுழன்றால் படத்தில் எதுவும் மாறாது. கணிப்பு பூஜ்ஜியம் என்று வரும். அதே உருண்டையை அசையாமல் வைத்து விளக்கை மட்டும் நகர்த்தினால், உருண்டை நகர்கிறது என்று கணிப்பு சொல்லும். எந்த முறையை எடுத்தாலும் இந்த வரம்பு கூடவே வரும்.

ஒரே அம்பு போதுமென்றால்

கேமரா மட்டும் ஆடுகிறது, காட்சி கிட்டத்தட்ட அசையவில்லை என்றால் வேலை சுலபம். இதற்கு இரண்டு வழிகள். முதலாவது ஃபேஸ் கோரிலேஷன். குக்லின், ஹைன்ஸ் இருவரும் 1975-இல் கொடுத்த முறை. இரண்டு படங்களையும் ஃபூரியர் உருமாற்றம் செய்து, அதாவது அலைகளாகப் பிரித்து, அதிர்வெண்களின் வீச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபேஸை (அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை) மட்டும் ஒப்பிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், நகர்வு எவ்வளவோ அந்த இடத்தில் ஒரு கூர்மையான உச்சி எழும். வீச்சை விட்டுவிடுவதால், படம் முழுக்கச் சீராகப் பிரகாசம் கூடினாலும் குறைந்தாலும் இது அசருவதில்லை. ஒரு பொறி மட்டும் உண்டு: படத்தின் நான்கு ஓரங்களையும் மங்கவிடாமல் அப்படியே கொடுத்தால், ஓரத்தில் வரும் திடீர் வெட்டு இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் "நகர்வு பூஜ்ஜியம்" என்று ஒரு பொய் உச்சி எழும். ஓரங்களைப் படிப்படியாக மங்கவைக்கும் ஹானிங் சாளரத்தைப் பெருக்கிவிட்டுக் கொடுப்பது அதற்காகத்தான்.

இரண்டாவது வழி, மூலைப்புள்ளிகளைப் பொருத்தி, ரான்சாக் என்ற வடிகட்டும் முறையைக் கொண்டு பொருந்தாதவற்றைக் கழித்து, மொத்தத்துக்கும் ஒரு ஹோமோகிராஃபி (ஒரு படத்தை இன்னொன்றின் மேல் பொருத்தும் 3×3 அணி) கண்டுபிடிப்பது. சுழற்சி, உருப்பெருக்கம், சாய்வு எல்லாம் இதில் அடங்கும் என்பதால் கையில் பிடித்து எடுத்த வீடியோவுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் அருகில் ஒரு தூண், தொலைவில் ஒரு மலை என்று ஆழம் கலந்த காட்சியில் நடந்துகொண்டே எடுத்த வீடியோவுக்கு ஒரே ஹோமோகிராஃபி பொருந்தாது. தூண் ஒரு வேகத்தில் போகும், மலை இன்னொரு வேகத்தில். அங்கே அம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டியே ஆக வேண்டும்.

சில நூறு புள்ளிகள்: லூகாஸ்–கனாதே

1981-இல் வந்த இந்த முறைக்கு இன்னும் வேலை குறையவில்லை. ஒரு சிறு சாளரத்துக்குள் இருக்கும் எல்லாப் பிக்சல்களும் ஒன்றாகத்தான் நகர்கின்றன என்று வைத்துக்கொள்வது இதன் அடிப்படை. ஓப்பன்சிவி என்ற இலவசப் படச்செயலாக்க நிரல் தொகுப்பில் இயல்பாக வரும் 21×21 சாளரத்தை எடுத்தால் 441 சமன்பாடுகள், தெரியாதவை இரண்டு. குறைந்த வர்க்க முறையில் தீர்த்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு 2×2 அணி. இந்த முறையின் நல்லதும் கெட்டதும் அந்த அணிக்குள் இருப்பதால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

சாளரத்துக்குள் ஒரு செங்குத்து விளிம்பு மட்டும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். கிடைமட்டச் சரிவுகளின் வர்க்கக் கூடுதல் 9000, செங்குத்துச் சரிவுகளுடையது 0, குறுக்குப் பெருக்கலும் 0. அணிக்கோவை பூஜ்ஜியம், விளிம்பு பக்கவாட்டில் எவ்வளவு போனது என்று தெரியும், மேலும் கீழும் எவ்வளவு போனது என்று சொல்லவே வழியில்லை. சரி, நிஜக் கேமராவில் இரைச்சல் இருக்குமே, அந்த 0 என்பது 40 ஆகிவிடும். இப்போது அணிக்குத் தலைகீழ் உண்டு, விடையும் வரும். ஆனால் செங்குத்துப் பகுதி முழுக்க இரைச்சலிலிருந்து வந்த விடை. இரண்டாவது எண் 7500 என்று இருந்தால் அது மூலை. இரண்டு திசையிலும் நம்பலாம். 1994-இல் ஷி, டொமாசி இருவரும் சொன்னது இதைத்தான்: அணியின் இரண்டு ஐகன் மதிப்புகளில் (மேலே பார்த்த 9000, 40 போன்ற எண்கள்) சிறியது ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் அந்தப் புள்ளியைப் பின்தொடருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

லூகாஸ்–கனாதேயை நான் மற்றவற்றைவிட ஒரு படி மேலே வைப்பதற்கு இதுதான் காரணம். துல்லியத்தில் இன்றைய நரம்பு வலைகள் (பயிற்சியிலிருந்து தானாகக் கற்கும் நிரல்கள்) இதைத் தாண்டி எங்கோ போய்விட்டன. ஆனால் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லும் குணம் இதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. நகர்வை வைத்து அடுத்து ஏதாவது முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால், தப்பான அம்பைவிட இல்லாத அம்பு எவ்வளவோ மேல்.

பெரிய நகர்வுகளைச் சமாளிக்கப் பிரமிடு உண்டு. படத்தை மூன்று முறை பாதியாக்கினால் 40 பிக்சல் நகர்வு 5 பிக்சலாகிவிடும். அங்கே தொடங்கிக் கீழே இறங்க இறங்கத் திருத்திக்கொள்ளலாம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 6 பிக்சல் அகலமுள்ள ஒரு பந்து 40 பிக்சல் தூரம் பறக்கிறது என்றால், நகர்வு 5 பிக்சலாகச் சுருங்கும் அதே மட்டத்தில் பந்தும் ஒரு பிக்சலுக்குள் சுருங்கிக் காணாமல் போய்விடும். மேல்மட்டத்தில் பின்னணியின் நகர்வு மட்டும் தெரியும். அதையே பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் பந்து சிக்காது. சின்னப் பொருள், பெரிய வேகம் என்ற இந்தச் சேர்க்கைதான் பிரமிடை நம்பும் எல்லா முறைகளுக்கும் எமன்.

கட்டம் கட்டமாகத் தேடுவது

சமன்பாடே வேண்டாம், இந்தக் கட்டம் அடுத்த ஃப்ரேமில் எங்கே போயிருக்கும் என்று தேடியே பார்த்துவிடுவோம் என்பது பிளாக் மேட்சிங். வீடியோ சுருக்கத்தின் முதுகெலும்பு இது. செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 16×16 கட்டம், எல்லாப் பக்கமும் 7 பிக்சல் வரை தேடல் என்றால் 15×15 = 225 இடங்கள்; ஒவ்வொரு இடத்திலும் 256 கழித்தல்கள்; ஒரு கட்டத்துக்கு 57,600. 1080 வரிப் படத்தில் 120×68 = 8160 கட்டங்கள் என்பதால் ஒரு ஜோடி ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 47 கோடி. மூன்று படித் தேடல் என்ற பழைய உத்தியில் 225 இடங்களுக்குப் பதிலாக 25 இடங்களைத்தான் பார்ப்போம். செலவு ஐந்தே கால் கோடிக்கு வந்துவிடும். போகிற வழியில் ஒரு பொய்ப் பள்ளத்தில், அதாவது சுற்றிலும் உள்ளவற்றைவிட மட்டும் நன்றாகப் பொருந்தும் தப்பான இடத்தில், சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடவே வரும்.

இங்கே பலரை இழுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. சுருக்கப்பட்ட வீடியோ கோப்புக்குள் ஏற்கெனவே நகர்வுத் திசையன்கள் இருக்கின்றனவே, அவற்றை உருவி எடுத்துக்கொண்டால் கணிப்புச் செலவே இல்லையே? எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோக் கருவி அவற்றை எடுத்தும் கொடுக்கும். ஆனால் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் உண்மை நகர்வைத் தேடவில்லை, குறைந்த பிட்டில் முடியும் பொருத்தத்தைத் தேடுகிறது. வெற்றுச் சுவரில் அந்த அம்பு எந்தத் திசையிலும் நீட்டிக்கொண்டிருக்கலாம். வேறு ஃப்ரேமைப் பார்க்காமல் தனியாகச் சுருக்கப்படும் இன்ட்ரா கட்டங்களில் அம்பே இருக்காது. எச்.264 என்ற பரவலான சுருக்க முறையில் ஒரு கட்டம் ஒப்பிடுவது முந்தைய ஃப்ரேமோடுதான் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளியோ, பின்னால் வரப்போகும் ஃப்ரேமோடோ இருக்கலாம். எனவே எத்தனை ஃப்ரேம் இடைவெளி என்று பார்த்து வகுக்காமல் அம்பின் நீளத்துக்குப் பொருளே இல்லை. காட்சியில் ஏதாவது அசைகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வேகம் அளக்க வேண்டாம்.

தொலைக்காட்சியில் ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டும் சிப்புகளுக்கு உண்மை நகர்வு வேண்டும், பிட் கணக்கு வேண்டாம். 1993-இல் பிலிப்ஸில் கெரார்ட் டி ஹானும் கூட்டாளிகளும் வெளியிட்ட முப்பரிமாண மீள்தேடல் முறை அதற்காக வந்தது. எல்லா இடத்தையும் தேடாமல், பக்கத்துக் கட்டங்களிலும் முந்தைய ஃப்ரேமிலும் கிடைத்த அம்புகளையே வேட்பாளர்களாக வைத்துச் சோதிக்கும். செலவும் குறைகிறது, பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒத்தும் போகின்றன. எனக்குப் பிடித்த யோசனை இது.

பிக்சலுக்கு ஒன்று: பழைய வழி

ஹார்ன், ஷுங்க் இருவரின் முறையும் 1981-தான். அவர்கள் குறைகிற தகவலை முழுப் படத்திடமிருந்து கேட்டார்கள்: பக்கத்துப் பிக்சல்களின் அம்புகள் திடீரென மாறக்கூடாது, மாறினால் அபராதம். வெற்றுப் பகுதிகளிலும் ஏதோ ஒரு விடை பரவி வந்து நிரம்பும். ஆனால் அபராதம் வித்தியாசத்தின் வர்க்கம் என்பதால், ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் விளிம்பிலும் அம்புகள் குழைந்துவிடும். 2007-இல் சாக், பாக், பிஷோஃப் மூவரும் கொடுத்த டிவி–எல்1 முறையில் வர்க்கத்துக்குப் பதில் தனிமதிப்பு. விளிம்பு கூர்மையாக நிற்கும், சில பிக்சல்கள் தறிகெட்டுப் போனாலும் மொத்தமும் கெடாது. வேகம் குறைவு.

ஓப்பன்சிவி பயிற்சிகளில் எங்கு பார்த்தாலும் ஃபார்னபேக் முறைதான். 2003-இல் வந்தது, ஒவ்வொரு பிக்சலின் அக்கம்பக்கத்தையும் ஓர் இருபடிப் பல்லுறுப்புக்கோவையாக்கி, அது எவ்வளவு இடம்பெயர்ந்தது என்று பார்க்கும். மோசமில்லை, விளிம்பில் வழியும். ஜிபியு இல்லாத இயந்திரத்தில் எல்லாப் பிக்சலுக்கும் அம்பு வேண்டுமென்றால் நான் அதைத் தாண்டி டிஸ் முறைக்குப் போய்விடுவேன். 2016-இல் க்ரோகர் குழு வெளியிட்டது. ஒற்றை சிபியு கோரில் வினாடிக்கு 300 முதல் 600 முறை என்ற வேகத்தை நோக்கியே அதைக் கட்டினார்கள். ஓப்பன்சிவியிலேயே இருக்கிறது, அழைப்பதும் அதே அளவு எளிது. பழக்கத்தைத் தவிர ஃபார்னபேக்கில் நிற்க எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

நரம்பு வலைகள்

2015-இல் ஃப்ளோநெட் என்ற நரம்பு வலை வந்தபோது கேள்வியே மாறியது: குறைகிற தகவலைப் பயிற்சியிலிருந்து கொண்டுவந்தால் என்ன? ஆனால் பயிற்சிக்கு உண்மை விடை வேண்டுமே. நிஜ வீடியோவில் ஒவ்வொரு பிக்சலும் எங்கே போனது என்று அளக்கக் கருவி கிடையாது. அதனால் பின்னணிப் படங்களின் மேல் நாற்காலிகளைப் பறக்கவிட்டு 22,872 ஜோடிப் படங்களைச் செயற்கையாக உருவாக்கினார்கள். ஒப்பிடப் பயன்படும் சின்டெல் தொகுப்பும் ஓர் அனிமேஷன் படத்திலிருந்து 2012-இல் எடுத்ததுதான். நிஜச் சாலையில் எடுத்த கிட்டி தொகுப்பிலோ லேசர் ஸ்கேனரின் அளவுகளே உண்மை விடைக்கு அடிப்படை என்பதால் எல்லாப் பிக்சலுக்கும் விடை இருக்காது.

அதன் பிறகு வலைகள் சிறியவையும் கெட்டியானவையும் ஆயின. 2017-இன் ஃப்ளோநெட் 2-இல் 16 கோடிக்கு மேல் எடைகள் (பயிற்சியில் கற்றுக்கொள்ளும் எண்கள்). 2018-இன் பிடபிள்யூசி–நெட்டில் 87 லட்சம் சொச்சம். 2020-இல் டீட், டெங் இருவரும் தந்த ராஃப்ட்டில் 53 லட்சம் மட்டும். ராஃப்ட் பிரமிடில் இறங்குவதில்லை. படத்தை எட்டில் ஒன்றாக்கி, முதல் ஃப்ரேமின் எல்லா இடத்தையும் இரண்டாவதன் எல்லா இடத்தோடும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறது. அந்தச் சின்னப் பந்து இதில் சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

விலை அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. சின்டெல் அளவான 1024×436 படத்தை எட்டால் வகுக்கத் தோதாக 440 ஆக்கினால் 128×55 = 7040 இடங்கள்; அதன் வர்க்கம் கிட்டத்தட்ட 5 கோடி எண்கள்; நான்கு பைட் வீதம் 200 எம்பி. பரவாயில்லை. 1920×1080-க்கு 240×135 = 32,400 இடங்கள்; வர்க்கம் 105 கோடி; 4.2 ஜிபி. படத்தின் பரப்பு நாலரை மடங்குதான் கூடியது, நினைவகம் இருபத்தொரு மடங்கு கூடியது. 4கே படத்தை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒப்பீட்டைக் கணக்கிடும் மாற்று வடிவம் ராஃப்ட்டோடு வருகிறது. நினைவகம் மிஞ்சும், நேரம் கூடும்.

எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் வேறு. பயிற்சியில் பார்க்காத காட்சியைக் கொடுத்தாலும் வலை அழகான, வழவழப்பான விடையைத் தரும். புகை, நீர், நுண்ணோக்கியில் தெரியும் செல்கள், அல்ட்ராசவுண்டு எதுவானாலும் சரி, விடையில் தயக்கம் தெரியாது. வண்ணம் தீட்டிக் காட்டினால் பார்ப்பவர்கள் மயங்கிவிடுவார்கள். திரவ ஓட்டத்தைத் துகள்கள் தூவி அளப்பவர்கள் இன்னமும் 32×32 சாளரங்களில் குறுக்கு ஒப்புமை பார்ப்பதையும், நகர்வு சாளரத்தில் கால் பங்கைத் தாண்டாமல் இருக்கும்படி ஃப்ரேம் இடைவெளியை அமைத்துக்கொள்வதையும் பழைமைவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேண்டியது ஓர் எண்ணும், அதை எவ்வளவு நம்பலாம் என்ற இன்னோர் எண்ணும்.

திரைக்குப் போகும் வேலைக்கு, அதாவது ஸ்லோ மோஷன், எஃபெக்ட்ஸ் போன்றவற்றுக்கு, நரம்பு வலையைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். அங்கே தப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் தப்பு. அளவீட்டுக்கு வலையை எடுப்பவர்கள் ஒரு காவலை வைத்தாக வேண்டும்: முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் ஃப்ரேமிலிருந்து போன அம்பு, திரும்பி வரும்போது கிளம்பிய இடத்துக்கு ஒரு பிக்சலுக்குள் வரவில்லை என்றால் அதைக் கழித்துவிடுங்கள். செலவு இரட்டிப்பாகும். மறைந்துபோன பிக்சல்களில் பெரும்பாலானவை அதில் தானாகவே கழிந்துவிடும்.

முறைக்கு முன்னால் கேமரா

முறைகளை ஒப்பிட்டு மாய்ந்துபோவதற்கு முன்னால், ஃப்ரேம் வேகத்தைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். வேகம் இரட்டித்தால் நகர்வு பாதி. பாதி நகர்வுக்கு எளிய முறையே போதும். ஆப்டிகல் மவுஸ் இதைத்தான் செய்கிறது: மிகச் சில பிக்சல்களே உள்ள சென்சார், வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் படங்கள், மிச்சத்துக்குச் சாதாரண ஒப்புமை. அப்புறம், ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்துங்கள். பிரகாசம் மாறாது என்ற அடிப்படையையே அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் உடைத்துக்கொண்டிருக்கும்.

சோதிக்கும்போது சராசரிப் பிழையை மட்டும் பார்க்காதீர்கள். படத்தில் பெரும்பகுதி பின்னணி. அது சரியாக இருந்தால் சராசரி அழகாக வரும், உங்களுக்கு வேண்டிய கை தப்பாக இருந்தாலும். இரண்டாவது ஃப்ரேமை அம்புகளின்படி இழுத்து முதலாவதோடு கழித்துப் பார்ப்பதும் முழுச் சோதனை இல்லை. வெற்றுப் பரப்பில் எந்த அம்பைக் கொடுத்தாலும் வித்தியாசம் பூஜ்ஜியம்தான். உங்கள் வீடியோவிலேயே மோசமான பகுதியிலிருந்து சில ஜோடிகளை எடுத்து, முக்கியமான புள்ளிகளைக் கையால் குறித்து, இரண்டு மூன்று முறைகளை அவற்றின்மேல் ஓட்டுங்கள். பிழைகள் விளிம்பில் குவிந்தால் டிவி–எல்1 அல்லது ராஃப்ட் பக்கம் போங்கள். வேகமான சின்னப் பொருளில் குவிந்தால் பிரமிடைக் குறை சொல்லுங்கள், முடிந்தால் ஃப்ரேம் வேகத்தைக் கூட்டுங்கள். விளக்கு மாறும் ஃப்ரேம்களில் மட்டும் குவிந்தால் முறையை மாற்றிப் பெரிய பயன் வராது. பிரகாசத்துக்குப் பதிலாகச் சரிவுகளை ஒப்பிடும்படி உள்ளீட்டை மாற்றுங்கள்.